இடது கைக்கு ஒரு ஹெலிகாப்டர்

செப்டம்பர் 16, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் ஆனி மாதமே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் தங்கை பிரமுவின் வீட்டுக்காரர் சண்முகையாவுக்கு இந்த வருஷம் கையில் ஒரு கண்டம் இருக்கிறது என்றேன். ஆடி பதினெட்டு அன்று கை ஒடிந்தது. இடது மணிக்கட்டு. டியூப்லைட் மாற்ற ஸ்டூலில் ஏறியவர் கீழே வந்துவிட்டார். ஸ்டூலை யார் பிடித்திருந்தார்கள் என்பதெல்லாம் இப்போது பேச்சு இல்லை.

நேற்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வெளியே வந்த கை வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது. விரல் மடங்கவில்லை. மாப்பிள்ளை அரசு பஸ் டிரைவர், இருபத்தேழு வருஷ சர்வீஸ். கியர் போடுகிற கை இந்த இடது கைதான். அக்டோபர் 28 அன்று மெடிக்கல் போர்டு. அன்றைக்குப் பிடி இறுகினால் மறுபடி ஸ்டீயரிங். இறுகாவிட்டால் டிப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டி வருகிற வண்டி நம்பரை எழுதும் வேலை.

பிசியோதெரபி பார்க்கும் ஜெசிந்தா மேடம் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் தேதி போட்டு எத்தனை தடவை விரலை மடக்கினார் என்று எழுதச் சொன்னார். வாராவாரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். மாப்பிள்ளை நோட்டை வாங்கி பிரிட்ஜ் மேல் போட்டுவிட்டார். ஆகையால் எழுதுவது ஆறுமுகநயினார் ஆகிய நான். பாளையங்கோட்டையில் மைக்செட் நயினார் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். எட்டாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டு விலகியபோது தலைமையாசிரியர் கண் கலங்கினார். அது ஆனந்தத்தில் என்று சிலர் சொல்வது பொறாமை.

மடக்கிய எண்ணிக்கை: 4.

செப்டம்பர் 18, வியாழன்

மேடம் கொடுத்த ரப்பர் பந்தை மாப்பிள்ளை மூன்று தடவை பிசைந்தார். நாலாவது தடவை அது ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

"பந்து பெசைய நான் என்ன தொட்டில் புள்ளையா மச்சான்?"

"மேடம் சொன்னாங்கல்லா மாப்ள."

"மேடமா பஸ்ஸு ஓட்டுது? கை தானா வரும். விடுங்க."

தானாக வராது. அதையும் நான் முன்பே சொல்லியிருக்கிறேன். யோசித்துக்கொண்டே இருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணம் ஆன புதிதில் மாப்பிள்ளை மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு வீடியோ கேம் கடையில் போய் நிற்பார். ஹெலிகாப்டர் ஆட்டம் ஒன்று. வெள்ளத்தில் மொட்டைமாடிகளில் ஏறி நிற்கிற ஆட்களைத் தூக்கி வந்து கரையில் இறக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் என் கணக்கை யாரும் தாண்டியதில்லை. மதுரையிலிருந்து மூன்று பேர் வேன் வைத்து வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பந்தைப் பிசைய மாட்டேன் என்கிறவர் ஹெலிகாப்டர் ஓட்ட மாட்டேன் என்பாரா? வீட்டில் அவர் மகள் அனுசுயாவின் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. அவள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். போன் போட்டேன்.

செப்டம்பர் 20, சனி

"மாமா, அதுக்குப் பேரு எமுலேட்டர். பழைய கேம் டப்பா இல்லாமலே டப்பா இருக்கிற மாதிரி கம்ப்யூட்டர் நடிக்கும். கேம் அத நம்பி ஓடும்."

இது எனக்கு முன்பே தெரியும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டு ஃபைல் அனுப்பினாள். ஒன்று எமுலேட்டர், இன்னொன்று ஆட்டம். தட்டினேன். கறுப்பாக ஒரு கட்டம் கண் சிமிட்டிவிட்டு மறைந்தது. மைக்செட்காரன் செய்கிற முதல் காரியத்தைச் செய்தேன்: எல்லா ஒயரையும் பிடுங்கி, ஊதி, திரும்பச் சொருகினேன். மறுபடியும் கண் சிமிட்டல். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் பதமாக இரண்டு தட்டு. அதற்கும் மசியவில்லை.

"மாமா, ஜிப் ஃபைல பிரிச்சு வெளிய எடுத்தீங்களா?"

"அதெல்லாம் அப்பவே எடுத்தாச்சு."

போனை வைத்துவிட்டுப் போய் எடுத்தேன். இப்போது ஆட்டத்தையே காணோம். கம்ப்யூட்டருக்குள் வைரஸ் பிடிக்கிற காவல்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் சந்தேகக் கேஸில் ஆட்டத்தைத் தூக்கித் தனி அறையில் அடைத்துவிட்டான். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அனுசுயா சொல்ல, நான் ஜாமீனில் எடுத்தேன்.

மடக்கிய எண்ணிக்கை: மாப்பிள்ளை 0. என் ஆள்காட்டி விரல் 300க்கு மேல்.

செப்டம்பர் 22, திங்கள்

ஓடிவிட்டது. ஆனால் அசுர வேகம். ஹெலிகாப்டர் ஏறுவதும் தண்ணீரில் விழுவதும் ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிடுகிறது. மாப்பிள்ளை முதல் முறையாக என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இது ஹெலிகாப்டரா ஈயா மச்சான்?"

செட்டிங் என்று இருந்த அத்தனை கதவையும் திறந்தேன். படம் பச்சையானது. பிறகு பாதி ஸ்கிரீனுக்குச் சுருங்கியது. சத்தம், கிணற்றுக்குள் யாரோ தகரம் அடிப்பது போல வந்தது. கடைசியில் அனுசுயா வீடியோவில் வந்தாள்.

"மாமா, கீபோர்டுல இடது ஓரம் டேப்னு ஒரு கீ இருக்கு பாருங்க. அது அமுங்கியே இருக்கா? அத அமுக்கினா கேம் வேகமா ஓடும்."

அமுங்கியே இருந்தது. பிரமுவின் ஊக்கை வாங்கி நெம்பினேன். அடியில் மிக்சர் கடலை ஒன்று. அந்த வீட்டில் மிக்சர் தின்கிற ஒரே ஆள் நான்தான் என்று பிரமு சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். இடது கையால் அமுக்க வேண்டிய கீயெல்லாம் வலிக்கிறது என்று முகம் சுளித்தார். நான் எமுலேட்டருக்குள் புகுந்து அத்தனை கீயையும் வலது பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். இப்படிச் செய்யலாம் என்பது அனுசுயாவுக்கே தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஜம்மென்று ஆடினார். 900 புள்ளி.

ஆனால் ஒரு தொல்லை. இவர் பஸ் ஓட்டுவது போலவே ஹெலிகாப்டரையும் ஓட்டுகிறார். மாடிக்கு மேல் கொண்டு போய் நிறுத்தி, ஒரு ஆள் விடாமல் ஏறுகிற வரை நகர மாட்டார். அதற்குள் இடி விழுந்து செத்துப் போகிறார்.

"ஒருத்தன விட்டுட்டுக் கெளம்புங்க மாப்ள. உயிர் போவுது."

"அவன் கையக் காட்டுதான் மச்சான். எப்படி விட்டுட்டு எடுக்க?"

செப்டம்பர் 27, சனி

முந்தின பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் இருப்பது ஜெசிந்தா மேடத்தின் கையெழுத்து. 'வலது கைக்கு நான் வைத்தியம் பார்க்கவில்லை. எண்ணிக்கை மட்டும் எழுதவும்.'

வாயாலும் சொன்னார். "சார், அவருக்கு வலிக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் நல்ல கைக்கு மாத்திட்டீங்க. இடது கை பத்து நாளா சும்மா இருக்கு. இப்படியே போனா மடங்கவே மடங்காது."

அனுசுயாவிடம் சொன்னேன். அவள் ஆபீஸில் ஒருவனிடம் பலகை ஒன்று இருக்கிறதாம். பழைய கேம் மெஷினில் இருந்ததே, அதே மாதிரி: இடப்பக்கம் குண்டுத்தலை வைத்த லிவர், வலப்பக்கம் பட்டன்கள். கம்ப்யூட்டரில் சொருகினால் வேலை செய்யும். படத்தை மேடத்திடம் காட்டினேன். "இது சரி. கியர் மாதிரியே இருக்கே" என்றார். நான் யோசித்துச் சொன்னதுதான் அது.

செப்டம்பர் 30, செவ்வாய்

லிவர் வந்தது. மாப்பிள்ளை இடது கையால் குண்டுத்தலையைப் பிடித்தார். விரல்கள் சுற்றி வரவில்லை. உள்ளங்கையால் தள்ளித் தள்ளி இரண்டே பேரைக் கரை சேர்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கண் கலங்கியிருந்தது. தாளிப்பு நெடி என்றார். அன்றைக்கு பிரமு தயிர்சாதம்தான் கிளறியிருந்தாள்.

எண்ணிக்கை: 45.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வருஷா வருஷம் மாப்பிள்ளை தன் பஸ்ஸைத் தானே கழுவி, வாழை கட்டி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். இந்த முறை அந்த வண்டியை வேறொரு டிரைவர் அலங்கரித்திருக்கிறார். கண்டக்டர் வீடியோ அனுப்பினார். மாப்பிள்ளை பாதி பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

அதைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு நானே பூஜை போட்டேன். லிவர் பலகையைக் கழற்றி இலையில் வைத்தேன். ஸ்கிரீன், கீபோர்டு, மவுஸ், குண்டுத்தலை, எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். பஸ்ஸில் ரேடியேட்டர் மூடியிலிருந்து டீசல் வாய் வரை பொட்டு வைப்போம். அதே மாதிரி இங்கேயும் ஒயர் முனை, சொருகுகிற வாய், ஒன்றையும் விடவில்லை. குழைவாக, தாராளமாக வைத்தேன். இந்தத் தெருவில் இவ்வளவு முறையாகப் பூஜை நடந்த கம்ப்யூட்டர் வேறு இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

லிவருக்கு உயிர் இல்லை.

அக்டோபர் 4, சனி

இன்னும் இல்லை. எமுலேட்டரை நீக்கி நான்கு தடவை புதிதாகப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டது எத்தனை தடவை என்று தெரியாது. லிவரே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். பலகை பழுதாக வந்திருக்கிறது, அனுப்பியவன் சரியில்லை என்று அனுசுயாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள், "இங்க நல்லா ஓடிச்சு மாமா" என்று சொல்லும்போதே குரல் மாறிவிட்டது.

எண்ணிக்கை: 0. நேற்றும் 0. முந்தாநாளும் 0.

அக்டோபர் 5, ஞாயிறு

தூசி தட்ட வந்த பிரமு ஒயரைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏண்ணே, இது என்ன, வாய்க்குள்ள சந்தனம் காஞ்சு அடைச்சுக் கெடக்கு?"

பிளக்குக்குள்ளும் சந்தனம். கம்ப்யூட்டர் ஓட்டைக்குள்ளும் சந்தனம், மேலே குங்குமம். யாரோ வைத்திருக்கிறார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பல்குச்சியாலும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலும் ஒரு மணி நேரம் சுரண்டினேன். ஹெலிகாப்டர் எழுந்தது. பழுதை நான் சரி செய்துவிட்டேன் என்று அனுசுயாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

அக்டோபர் 6, திங்கள்

லிவர் ஓடுகிறது. மாப்பிள்ளை வரவில்லை.

நான்கைந்து நாள் விட்டதில் விரல்கள் மறுபடி கட்டையாகிவிட்டன. ஜெசிந்தா மேடம் அழுத்திப் பார்த்துவிட்டு, "மூணு வாரம்தான் இருக்கு சார்" என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்றால், கொஞ்சம்.

சாயங்காலம் மாப்பிள்ளை பிரமுவிடம், "கேட்டுல உக்காரதும் வேலதான் புள்ள. நெழலு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியைப் பற்றிப் பேசினால் சத்தமாகப் பேசுகிறவர், மெதுவாகச் சொன்னார்.

அடுப்படியில் பிரமு என்னிடம் திரும்பினாள். "ஸ்டூல விட்டுட்டு போனு எடுக்க ஓடுன ஆளு நீ. நான் வாயத் தொறக்கலன்னு மறந்துட்டேன்னு நெனைக்காதண்ணே."

இன்று குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல்.

அக்டோபர் 8, புதன்

கோவில்பட்டியில் எனக்கு ஒரு பழக்கம், மாடசாமி. லாரி டிரைவர். அவருக்கும் இடது கை ஒடிந்து, அவரும் இதே ஹெலிகாப்டர் ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பது எவ்வளவு ஆச்சரியம். நேற்று 1,350 எடுத்தாராம். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தற்செயலாகச் சொன்னேன்.

"ஆயிரத்து முன்னூத்தம்பதா? ஒடிஞ்ச கையாலயா?"

"ஒடிஞ்ச கையாலதான். பாளையங்கோட்டைக்காரருக்கு இதெல்லாம் வராதுன்னு சிரிக்காரு."

"பாதி ஆள ஏத்தாம எடுத்திருப்பான்."

"முழுசா ஏத்துனாராம்."

சோற்றில் பாதி இருந்தது. கை கழுவிவிட்டுப் போய் லிவரைப் பிடித்தார்.

எண்ணிக்கை: 130.

அக்டோபர் 10, வெள்ளி

மாப்பிள்ளை 1,400. மாடசாமி 1,450. எண்ணிக்கை: 190.

அக்டோபர் 12, ஞாயிறு

மாப்பிள்ளை 2,050. மாடசாமி 2,100. அவர் எப்போதும் ஐம்பது முந்திக்கொள்கிறார். அது அவருடைய தனித்திறமை.

சுண்டு விரல் முதல் முறையாக உள்ளங்கையைத் தொட்டது. மாப்பிள்ளை கவனிக்கவில்லை, ஐந்தாம் மாடியில் ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் மச்சான், அந்த ஆளுக்கு எந்த டிப்போ?"

"கோவில்பட்டி டிப்போதான்."

"லாரின்னீங்க?"

"ரெண்டும் ஓட்டுவாரு மாப்ள. ஓய்வே இல்லாத ஆளு."

அக்டோபர் 15, புதன்

மாப்பிள்ளை 2,650. மாடசாமி 2,700. போனைக் கொடுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன் என்றார் மாப்பிள்ளை. மாடசாமிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

"அவருக்கும் போர்டு உண்டா?"

"நவம்பர் பத்து."

"புள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு."

"முந்தாநாளு ஒரு பையன்னு சொன்னீங்க."

"பையன் கடைக்குட்டி."

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பலகாரத் தட்டைத் தொடாமல் லிவரில் உட்கார்ந்தார். பிரமு அதிரசத்தை வாயில் ஊட்டிவிட்டாள். அவ்வளவு நேரத்துக்கும் இடது கை லிவரை விடவில்லை.

எண்ணிக்கை: 400க்குப் பிறகு எண்ணவில்லை.

அக்டோபர் 22, புதன்

மாப்பிள்ளை 4,300. இவ்வளவு பாடுபட்ட மனிதர் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டாமா? மாடசாமிக்குத் திடீரென்று கை வலி வந்து 3,000த்தோடு நின்றுவிட்டது. மாப்பிள்ளை குதிப்பார் என்று பார்த்தேன். குதிக்கவில்லை.

"ரொம்ப வலியா? வெந்நித் தண்ணில கைய வைக்கச் சொல்லுங்க. மேடம் எனக்குச் சொன்னது."

அக்டோபர் 24, வெள்ளி

மாப்பிள்ளை 5,120. வெள்ளத்தில் நின்ற அறுபது பேரும் கரையேறிவிட்டார்கள். ஸ்கிரீனில் கொடி பறந்தது. மாடசாமிக்குச் சொல்ல என்று நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பினேன். பின்னாலேயே வந்தார்.

"மச்சான், அவர்ட்ட ரெண்டாயிரத்து எட்டு நூறுன்னு சொல்லுங்க."

"எதுக்கு மாப்ள?"

"இங்க அஞ்சாயிரம் போயிட்டுன்னு கேட்டா மனச விட்டுருவாரு. போர்டு வேற கெடக்கு. இன்னும் ஒரு நாளு அவரு என்னைய முந்துன மாதிரி இருக்கட்டும்."

சரி என்றேன். மொட்டைமாடிக்குப் போய் போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். கீழே இருந்து மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார். ஆகவே பேசவும் வேண்டியிருந்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

போர்டு. இரும்புப் பிடி ஒன்றைக் கொடுத்து இறுக்கச் சொன்னார்கள். முள் ஏறியது, ஏறி நின்றது. மூன்று டாக்டர்களும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள். (நான் வெளியே வராந்தாவில் இருந்தேன், இருந்தாலும் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.) காகிதத்தில் தகுதி என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

பிரமு எனக்கு இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாக ஊற்றினாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஜெசிந்தா மேடத்துக்கு ஸ்வீட் கொடுத்தோம். "சார், அந்தக் கோவில்பட்டிக்காரரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. அவர் கையையும் பார்த்திரலாம்" என்றார். மாப்பிள்ளை உடனே, "நானே கூட்டிட்டு வாரேன் மேடம்" என்றார்.

நவம்பர் 1, சனி

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்றுதான் மாப்பிள்ளைக்கு முதல் டியூட்டி. கெஞ்சிக் கேட்டு கோவில்பட்டி டிரிப்பை வாங்கியிருக்கிறார். காலையில் பார்த்தால் லிவர் பலகையைத் துணியில் சுற்றி, பையில் போட்டு, கூடவே அரை கிலோ அல்வாவும் வைத்திருக்கிறார்.

"பத்தாந் தேதி போர்டுல்லா. பலக அவருக்கு இருக்கட்டும். எனக்கு இனிமே நெசக் கியரு இருக்கு."

பையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. இடது கை கியரைப் போடும்போது ஒரு வாத்தியம் வாசிப்பது போல இருந்தது. தச்சநல்லூர் போனது. என்னால் சொல்ல முடியவில்லை. மாடசாமியை ஊரை விட்டு அனுப்பிவிடலாமா, ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா, துபாயில் வேலை வாங்கிக் கொடுக்கலாமா என்று வரிசையாக யோசித்தேன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. மடியில் அல்வா சூடாக இருந்தது.

கங்கைகொண்டான் நிறுத்தத்தில் வண்டி நின்றபோது சொன்னேன்.

"மாப்ள, கோவில்பட்டில மாடசாமி இல்ல."

"வெளியூரா?"

"எந்த ஊர்லயும் இல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூடையோடு ஒரு அம்மாள் ஏறினார். அந்த அம்மாள் உள்ளே போய் உட்காரும் வரை பார்த்துவிட்டு, பிறகு மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். கயத்தாறு வரை ஒரு வார்த்தை இல்லை. என் வாழ்நாளில் நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் முறை. கயத்தாறில் நின்றதும் கேட்டார்.

"அந்த ஆயிரத்து முன்னூத்தம்பது?"

"நான் சொன்னது."

"ரெண்டாயிரத்து எழுநூறு?"

"அதுவும்தான்."

"மொட்டமாடில அன்னைக்கு யார்ட்ட பேசுனிய?"

"யார்ட்டயும் இல்ல மாப்ள."

ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை எடுக்கவில்லை.

"அப்ப மொதல் நாள்லேர்ந்து நான்தான் முந்தி."

"ஆமா."

"ஒரு நாளு கூட நான் தோக்கல."

"இல்ல."

"இத அப்பவே சொல்லியிருந்தா தீவாளிக்கு நிம்மதியா ரெண்டு முறுக்கு தின்னுருப்பேன்லா" என்று சொல்லி, கியரைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்தபடியே, "அவரு கை வலிக்கின்னு ரெண்டு நாளு தூங்கல மச்சான் நான்" என்றார். அல்வாவை நாங்கள் மூவரும், அதாவது கண்டக்டரும் சேர்த்து, இங்கே இறங்கித் தின்று முடித்தோம். பலகை மறுபடி வீட்டுக்கு வருகிறது.

ஜெசிந்தா மேடத்துக்கு: கோவில்பட்டிக்காரரைக் கூட்டி வரச் சொன்னீர்கள். அக்டோபர் 8 முதல் இந்த நோட்டில் வருகிற மாடசாமி, அவருடைய ஒடிந்த கை, இரண்டு பெண்கள், கடைக்குட்டிப் பையன், எல்லாம் நான் உண்டாக்கியது. அப்படி ஒருவர் இல்லை. விரல் மடக்கிய எண்ணிக்கைகள் மட்டும் எண்ணி எழுதியவை. அதில் நான் ஒன்று கூடக் கூட்டவில்லை.